பங்களாக்காவும் பின்கூடத்துச் சுவரும்

பங்களாக்காவுக்கு விரிசல் ஆகாது. சிலருக்குக் கரப்பான் பூச்சி ஆகாது, சிலருக்கு நாத்தனார் ஆகாது, அவருக்கு விரிசல். விருத்தாசலத்தில் ஒரு செராமிக் கம்பெனியின் பினிஷிங் பிரிவில் நாங்கள் இருவரும் பதினோரு வருஷம் பக்கத்துப் பக்கத்துப் பலகையில் உட்கார்ந்து வேலை பார்த்தோம். அச்சிலிருந்து எடுத்துக் காயவைத்த ப்யூஸ் கட்டைகளின் ஓரத்தைக் கத்தியால் சீவி, ஈரப் பஞ்சால் துடைத்துச் சூளைக்கு அனுப்ப வேண்டும். விரிசல் விட்டதைக் கழிவில் போட்டுவிட வேண்டும். பங்களாக்கா போடமாட்டார். மண் குழம்பை விரல் நுனியில் தொட்டு விரிசலுக்குள் இழைத்து, பஞ்சால் நீவி, நல்லதோடு நல்லதாக அடுக்கிவிடுவார். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தாலும் தெரியாது. சூளைக்குப் போய் வந்ததும் அத்தனையும் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும்.

"ஏம்மா, ஒடஞ்சத ஒட்டி உள்ள அனுப்பாதன்னு எத்தினி தடவ சொல்றது? சூடு பட்டா பொளந்துக்கும்னு தெரியாதா ஒனக்கு?" என்று சூப்பர்வைசர் கத்துவார்.

"தெரியுங்க சார். பாக்கறப்ப மனசு கேக்க மாட்டேங்குது."

அவருக்கு எல்லோரையும் போல ஒரு பெயர் உண்டு. கம்பெனியில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மங்கலம்பேட்டை சாலையில், ஊருக்கு வெளியே, முந்திரிக் கொல்லைக்கு நடுவில் இருந்த அவுரி பங்களாவில் அவர் குடியிருந்ததால் பங்களாக்கா. முதலில் கேலியாகத்தான் ஆரம்பித்தது. மதியச் சோற்றுக்கு ஊறுகாயைத் தவிர எதுவும் கொண்டுவராதவளுக்குப் பங்களா ஒரு கேடா என்று நானே சிரித்திருக்கிறேன். வாய் எனக்கு அப்போதே கொஞ்சம் நீளம்.

வீட்டை நேரில் பார்த்தபோதுதான் வாயை மூடினேன். ஆள் உயரத்துக்கு மேடை கட்டி, அதன் மேல் எழுப்பிய வீடு. முன்னால் எட்டு உருண்டைத் தூண்கள். செங்கல் தூண்கள்தான், ஆனால் சுண்ணாம்பை எதையெதையோ போட்டு அரைத்துப் பூசியிருந்ததால் தொட்டால் சலவைக்கல் மாதிரி குளிர்ந்தது. சட்டம் சட்டமாகச் செருகிய மரக் கதவுகள் என்னைப் போல் இரண்டு ஆள் உயரம் இருந்தன. மேலே தேக்கு உத்திரம். அதன் மேல் செங்கல்லைக் குத்துவாக்கில் அடுக்கிக் கட்டிய மாடித்தளம். வெளியே மண்டை பிளக்கும் வெயில் அடிக்கும்போது உள்ளே வியர்வை காய்ந்துவிடும். வீட்டுக்குப் பின்புறம் ஒட்டினாற்போல் நீளமாக ஒரு கூடம். அதற்கு ஜன்னல் கிடையாது, கூரையை ஒட்டிக் கையகலப் பொந்துகள் மட்டும்தான். பகலிலும் உள்ளே அரை இருட்டாக இருக்கும்.

வெள்ளைக்காரத் துரை ஒருவன் கட்டிய வீடு. சுற்று வட்டாரத்தில் அவுரிச் செடி பயிர் செய்ய வைத்து, தழையை வண்டி வண்டியாக வாங்கி, மேல் தொட்டியில் ஊறப்போட்டு, சாற்றைக் கீழ்த் தொட்டிக்கு இறக்குவானாம். அந்தத் தொட்டியில் இடுப்பளவு நின்றுகொண்டு ஆட்கள் துடுப்பால் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அப்போதுதான் நீலம் அடியில் தங்கும். அதைக் காய்ச்சி, கட்டியாக அறுத்து, வெயில் படாமல் உலர்த்துவதற்குத்தான் ஜன்னல் இல்லாத அந்தப் பின்கூடம். பிறகு சீமையில் செடியே இல்லாமல் ரசாயனத்தில் நீலம் செய்யக் கற்றுக்கொண்டார்கள். அவுரி போயிற்று, துரை போனான், வீடு நல்லூர்ப் பக்கத்துப் பெரிய குடும்பம் ஒன்றிடம் வந்தது. அவர்கள் முதலில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை அடுக்கினார்கள், பிறகு முந்திரி அடுக்கினார்கள், பிறகு சென்னைக்குப் போய்விட்டார்கள். பங்களாக்காவின் புருஷன் குடும்பம் மட்டும் காவலுக்கென்று பின்பக்கத்தில் தங்கிவிட்டது. தொட்டியில் நின்று துடுப்படித்தவர்களின் வம்சம் அது.

அந்த வீட்டில் விரிசல் விடாத இடம் என்று ஒன்று கிடையாது. ஆனாலும் யார் கண்ணிலும் ஒன்றும் படாது. கம்பெனியிலிருந்து மிச்சக் களிமண்ணைத் தூக்குவாளியில் கொண்டுபோய், சுண்ணாம்போடு குழைத்து அடைத்துக்கொண்டே இருப்பார். பழைய தொட்டிகள் வாயைத் திறந்துகொண்டு அசிங்கமாகக் கிடக்கின்றன என்று, கம்பெனி வெளியே கொட்டிய உடைந்த ப்யூஸ் கட்டைகளை வருஷக்கணக்கில் சுமந்து வந்து அவற்றை நிரப்பி, மேலே மண் போட்டு முருங்கை வைத்திருந்தார். முதல் தடவை போனபோது எனக்கு டீ கொடுத்தார். டம்ளர் விளிம்பில் சின்னதாக ஒரு உடைசல். அது என் கட்டை விரலுக்கு அடியில் வரும்படி பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். டீ குடித்து முடிக்கும்வரை என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் மட்டும் இல்லை. புருஷன் குடித்துவிட்டு அடித்த மறுநாள் அவர் முகத்தில் பவுடர் ஒரு சுற்று கூடுதலாக இருக்கும். நாங்கள் தெரியாதது போல இருப்போம், அவரும் அப்படித்தான். அந்த மனிதர் செத்துப்போன அன்று நான் போனபோது, முன்கூடத்தில் உடம்பைக் கிடத்தியிருந்தது. பங்களாக்கா மூலையில் ஸ்டூல் மேல் ஏறி நின்று, சொம்பில் சுண்ணாம்பைக் குழைத்துச் சுவரில் பெயர்ந்த இடத்தை அடைத்துக்கொண்டிருந்தார்.

"எறங்குக்கா. என்னாக்கா இது, இப்பப் போயி?"

"பங்காளிங்க வந்து இங்கதான்டி ஒக்காருவாங்க. மேல உதிருமில்ல?"

அன்றைக்கு எனக்கு அவர் மேல் பரிதாபம் வரவில்லை, பயம்தான் வந்தது.

பின்கூடத்துச் சுவரை நான் பார்த்தது ஒரு தற்செயல். அவர் வளர்த்த கோழி, அந்தச் சுவரை ஒட்டி அடுக்கியிருந்த பழைய மூட்டைகளின் சந்தில் முட்டையிட்டிருந்தது. எடுக்கலாமென்று ஒரு சாக்கை இழுத்தேன். பின்னால் சுவரில் கை. நீலமாக, ஐந்து விரலும் விரித்த கை. பக்கத்தில் இன்னொன்று, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. செல்போன் விளக்கைப் போட்டுப் பார்த்தால் சுவர் நெடுகத் தோள் உயரத்துக்குக் கைகள். ஒன்றன் மேல் ஒன்றாகச் சில, வழுக்கியது போல நீண்டு சில. எல்லாவற்றுக்கும் கீழே ஒரு சின்னக் கை. ஏழெட்டு வயதுக்கு மேல் இருக்காது. என் உள்ளங்கையை அதன் மேல் வைத்துப் பார்க்கப் போனேன். பங்களாக்கா ஓடிவந்து சாக்கைத் தள்ளி மறைத்தார்.

"பாக்காதடி. அசிங்கம்."

"யாரு கைக்கா இதெல்லாம்?"

"எங்க வூட்டுக்காரரோட பாட்டன், பூட்டன். சாயம் தோலுல ஊறிப்போயி போவவே போவாதாம். அந்தக் கையால குடுத்தா ஊருல தண்ணி வாங்கிக் குடிக்க மாட்டாங்களாம். நான் கட்டிக்கிட்டு வந்தப்பகூட நீலக்கையான் வூட்டு மருமவளுன்னுதான் சொன்னாங்க, தெரியுமா? எம்பொண்ணு காதுல அது வுழக் கூடாதுன்னு இருக்கேன். யாருகிட்டயும் சொல்லிடாத. என் தலமேல அடிச்சி சத்தியம் பண்ணு."

பண்ணினேன். என் வாழ்க்கையில் ஒழுங்காகக் காப்பாற்றிய ஒரே சத்தியம் அதுதான். அதை உடைத்துத் தொலைத்திருக்கலாம்.

சென்னைக்காரர்கள் இடத்தை மனை போடுகிறவர்களுக்கு விற்றுவிட்டார்கள் என்று தெரிந்தது போன வருஷம். மாசக் கடைசிக்குள் காலி பண்ணச் சொல்லிக் காகிதம் வந்தது. பங்களாக்காவிடம் அந்த வீட்டுக்கு ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடையாது. மகள் சிதம்பரத்தில் நர்ஸிங் படித்துக்கொண்டிருந்தாள். விடுமுறைக்கு அவள் வந்து இறங்க அந்தப் பின்பக்கத்தை விட்டால் வேறு இடமில்லை. பங்களாக்கா பலகையில் உட்கார்ந்து கட்டைகளைச் சீவிக்கொண்டே, "எங்கடி போவேன், எங்கடி போவேன்" என்று முணுமுணுத்துக்கொண்டிருப்பார். கேட்டுக்கொண்டிருந்த எனக்கே தலை சுற்றும்.

என் தம்பிக்குக் கல்லூரியில் சரித்திரம் நடத்திய பேராசிரியர் ஒருவர் இருந்தார். அவரிடம் போய் அழுதேன். அவர் வந்து தூண்களைத் தடவிப் பார்த்தார், உத்திரத்தை அண்ணாந்து பார்த்தார், நிரம்பிக் கிடந்த தொட்டிகளைச் சுற்றி நடந்தார். பழைய கட்டடங்களைப் பாதுகாக்கிற துறை ஒன்று இருக்கிறது, அவர்கள் இதை எடுத்துக்கொண்டால் யாரும் இடிக்க முடியாது, காவலுக்கு ஒரு ஆளும் வேண்டியிருக்கும் என்றார்.

"அந்த ஆளு நீங்களாவே இருக்கலாம்மா. நான் எழுதறேன். அதிகாரி திங்கக்கெழம வந்து பாப்பாரு."

பங்களாக்கா அவர் காலில் விழப் போனார். நான்தான் இழுத்து நிறுத்தினேன். பேராசிரியர் புறப்படும்போது, "வூட்டத் தயாரா வையுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். கதவு திறந்திருக்கட்டும், சாவி கையில் இருக்கட்டும் என்ற அர்த்தத்தில்தான் அவர் சொல்லியிருப்பார். நம் ஊரில் ஒரு அதிகாரி வருகிறார், வீட்டைத் தயாராக வை என்றால் அதற்கு என்ன அர்த்தம்? பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வந்தாலும் சரி, பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்தாலும் சரி, வெள்ளையடிப்போம்.

ஞாயிற்றுக்கிழமை பினிஷிங் பிரிவே அங்கே போய் இறங்கியது. எட்டுப் பெண்கள். ஒருத்தி சோறு கட்டிக்கொண்டு வந்தாள், ஒருத்தி புருஷனின் ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். எல்லோர் இடுப்பிலும் கம்பெனிக் கத்தி. முன்கூடம், பக்க அறைகள், தூண்கள் எல்லாவற்றையும் மதியத்துக்குள் முடித்தோம். பின்கூடத்து மூட்டைகளைப் பங்களாக்கா தானே இழுத்துப் போட்டார். கைகளைப் பார்த்ததும் மற்றவர்கள் கத்தியைக் கீழே போட்டுவிட்டு நின்றார்கள்.

"வெறும் வெள்ள அடிச்சா ஊறி வெளிய வந்துரும்டி. தண்ணியத் தெளிச்சி வேரோட சுரண்டுங்க" என்றார் அவர். "அதிகாரி பாத்தா இதென்னா பேய் வூடான்னு கேப்பாரு. எழுதவே மாட்டாரு."

சுரண்டினோம். எங்களைவிட நன்றாக அதைச் செய்ய இந்த ஜில்லாவிலேயே ஆள் கிடையாது. ஓரம் தெரியாமல், பள்ளம் விழாமல் சீவி எடுப்பதற்குத்தான் எங்களுக்குக் கம்பெனியில் சம்பளம். சாரமில்லாத பழைய பூச்சு, செங்கல் தெரிகிறவரை வந்தது. அந்தச் சின்னக் கையைச் சுரண்டியது நான். கீழே இருந்ததால் உட்கார்ந்துகொண்டு செய்ய வசதியாக இருந்தது. சுரண்டும்போது பாட்டுகூடப் பாடிக்கொண்டிருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்புறம் பட்டி பார்த்து, வெள்ளை இரண்டு கோட்டு. நீலமும் சுண்ணாம்புமாகச் சேறாகிக் கிடந்ததைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிக் கொல்லையில் விட்டோம். பங்களாக்கா கூடத்து நடுவில் நின்று நான்கு பக்கமும் பார்த்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அதிகாரி நல்ல மனிதர். அதுதான் இன்னும் கொடுமை. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்தார். தூண்களைப் பாராட்டினார். தொட்டி எங்கே என்று கேட்டார். முருங்கைக்குப் பக்கத்தில் மண்வெட்டியால் கொத்தச் சொன்னார். ஒரு அடி கொத்தினால் ப்யூஸ் கட்டை. இரண்டு அடி கொத்தினாலும் ப்யூஸ் கட்டை. கையிலெடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே கீழே போட்டார். பின்கூடத்துக்கு வந்ததும் புதுச் சுண்ணாம்பு வாசனையை மோந்து பார்த்தார்.

"பழைய வூடுன்னு மட்டும் எழுதினா மேல நிக்காதும்மா. பழைய வூடு ஊருக்கு ஊரு இருக்குது. பத்திரத்துலயும் வெறும் பங்களான்னுதான் போட்டிருக்குது. இங்க அவுரி வேல நடந்துச்சு, ஆளுங்க வேல செஞ்சாங்கங்கறதுக்கு எதாச்சும் தடயம் இருக்கா? ஒரு கறை, ஒரு அடையாளம்?"

பங்களாக்கா கைகட்டி நின்றுகொண்டு, பரீட்சையில் தெரிந்த கேள்வி வந்தது போல முகம் மலரச் சொன்னார்.

"ஒரு கறகூடக் கெடையாதுங்க சார். சொவரு பூரா கையி கையா நீலமா இருந்துச்சிங்க. அத்தினியும் நேத்தே சொரண்டி எடுத்துட்டோம்."

பேராசிரியர் கண்ணை மூடிக்கொண்டார். அதிகாரி சுவரிடம் போய் அதன் மேல் கையை வைத்தார். நீலக் கட்டி அடுக்கிய பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு இந்த இருட்டுக்குள் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்திருப்பார்கள் என்று பேராசிரியர் மெதுவாகச் சொன்னார். அதற்குப் பிறகுதான் பங்களாக்காவுக்குப் புரிந்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"ஒரு போட்டோ இருக்காம்மா?" என்றார் அதிகாரி. "ஒன்னே ஒன்னு போதும். அத வெச்சி நான் எழுதிருவேன். வெள்ளிக்கெழம அனுப்பணும்."

அவர் போனதும் பங்களாக்கா கொல்லைக்குப் போய், நாங்கள் கழுவிவிட்ட இடத்தில் மண்டியிட்டு மண்ணைக் கிளற ஆரம்பித்தார். மறுநாளும் வேலைக்கு வராமல் அதையே செய்திருக்கிறார். சாயங்காலம் நான் போனபோது ஒரு முறத்தில் நகத்தளவு நீலத் துணுக்குகள் கொஞ்சம் இருந்தன. அவற்றைக் களிமண் தடவிய அட்டையில் ஒட்டி ஒட்டி ஒரு கை மாதிரி பண்ணிக்கொண்டிருந்தார். நான்கு விரல் வந்திருந்தது. நான் கத்திவிட்டேன். "பைத்தியமாக்கா ஒனக்கு?" என்று கத்திவிட்டு, அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து ஐந்தாவது விரலுக்குத் துணுக்குத் தேடினேன். பேராசிரியரிடம் கொண்டு காட்டினோம். இது என்ன நீலம் என்று சோதித்துச் சொல்லவே மாசக்கணக்காகும், சுவரில் கையாக இருந்தது என்பதை இந்த அட்டை சொல்லாது என்று வருத்தத்தோடு திருப்பிக் கொடுத்தார்.

மிச்சமிருந்த வழி போட்டோ ஒன்றுதான். அதைத் தேடினோம். அவர் போன், மகள் போன், சொந்தக்காரர்கள் போன், பழைய ஆல்பம். அந்தப் பின்கூடத்தில் நடக்காத விசேஷமில்லை. மகளுக்குக் காது குத்தியதும் அங்கேதான், நாத்தனார் மகளுக்கு வளைகாப்பும் அங்கேதான். ஒவ்வொரு படத்திலும் பின்னால், மூட்டைகளை ஒதுக்கிவிட்டுச் சுவரை மறைத்துக் கட்டிய பூப்போட்ட போர்வை, இல்லாவிட்டால் ரோஸ் கலர்ப் புடவை. ஒரு படத்தில்கூடச் சுவர் இல்லை.

வியாழக்கிழமை மத்தியானம் மங்கலம்பேட்டைக்குப் பஸ் ஏறினோம். மகளின் மஞ்சள் நீராட்டுக்கு வீடியோ எடுத்த ஸ்டூடியோ அங்கேதான். கடை நடத்தியவர் நல்ல மாதிரி. ஆறு வருஷத்துக்கு முந்தைய விசேஷமாக இருந்தாலும், எடுத்ததில் ஆல்பத்துக்கு வேண்டாமென்று விட்டதைக்கூடக் கம்ப்யூட்டரில் வைத்திருந்தார். பொறுமையாக ஓட்டிக் காட்டினார். மகள் நாற்காலியில் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருக்கிறாள். பின்னால் போர்வை. அத்தைகள் வருகிறார்கள், நலுங்கு வைக்கிறார்கள், போகிறார்கள். பின்னால் போர்வை. அரை மணி நேரம் அப்படியே போயிற்று.

அப்புறம் யாரோ டேபிள் ஃபேனைத் திருப்புகிறார்கள். போர்வையின் அடிப்பக்கம் உப்புகிறது. ஓரம் எழும்புகிறது. உள்ளே அரை இருட்டில் நீலமாக ஏதோ ஒன்று தெரியத் தொடங்குகிறது. பங்களாக்கா என் தொடையைப் பிடித்து நகம் பதிய அழுத்தினார். அடுத்த நொடி, பட்டுப்புடவை கட்டிய ஒரு பெண் படத்துக்குள் ஓடி வருகிறாள். போர்வையை இழுத்து, இரண்டு கையையும் அகல விரித்துச் சுவரோடு சேர்த்து அழுத்திக்கொண்டு, கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறாள். ஃபேனை நிறுத்தும்வரை நகரவில்லை.

ஸ்டூடியோக்காரர் நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு படமாக நகர்த்திப் பார்த்தார். போர்வை எழும்பிய இடத்தில் ஒரு நிழல், அதற்கு மேல் ஒன்றுமில்லை. அவள் வந்துவிடுகிறாள்.

பங்களாக்கா திரையில் இருந்த ஆறு வருஷத்துக்கு முந்தைய தன்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாய், அந்தப் பொம்பளைய மட்டும் அங்கேர்ந்து எடுத்துட முடியுமாங்க?"

அவர் திரையையும் பங்களாக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். "எடுத்துடலாங்கக்கா. ஆனா அவங்களுக்குப் பின்னாடி என்னா இருந்துச்சுன்னு கேமராவுக்குத் தெரியாதே."

நான் எழுந்துவிட்டேன். போகலாம் என்று அவர் தோளைத் தொட்டேன். அவர் நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இன்னொருவாட்டி போடுங்க பாய்," என்றார். "இந்தவாட்டி அவ கொஞ்சம் லேட்டா வருவா."